வேப் திரையில் ‘வாட்’, ‘டிகிரி’... எது எதற்கு?

சட்டைப்பையில் அடங்கிவிடும் வேப் கருவி. அதன் குட்டித் திரையில் ஓர் எண். பக்கத்தில் ‘வாட்’ என்றிருக்கும் அல்லது ‘டிகிரி’ என்றிருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

உள்ளே இருப்பது எளிய சங்கதிதான்: பேட்டரி, கம்பிச்சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு. வாட் முறையில், பட்டனை அழுத்தியிருக்கும் வரை வைத்த அளவு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பஞ்சு காய்ந்துபோனாலும் கருவிக்குத் தெரியாது. தண்ணீர் வற்றியும் அடுப்பை அணைக்காத கதைதான். பஞ்சு தீய்ந்து தொண்டை எரியும். அந்த அதீத சூட்டில் திரவம் சிதைந்து ஃபார்மால்டிஹைடு உருவாகும். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ரசாயனம் அது.

டிகிரி முறை கொஞ்சம் புத்திசாலி. ஆனால், உள்ளே தெர்மாமீட்டர் எதுவும் கிடையாது! நிக்கல், டைட்டானியம் போன்ற கம்பிகள் சூடாகச் சூடாக அவற்றின் மின்தடை கூடும். அறை வெப்பத்திலிருந்து 200 டிகிரி செல்சியஸ் ஏறினால், நிக்கலின் மின்தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இதை அளந்துதான் கருவி சூட்டைக் கணக்கிடுகிறது. வரம்பைத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைக்கிறது. ‘கான்தால்’ கம்பியின் மின்தடை அவ்வளவாக மாறாது என்பதால் அதில் இந்த வித்தை பலிக்காது. கம்பி வகையைத் தவறாகப் பதிந்தாலும் கணக்கு தப்பும்.

‘டெம்பரேச்சர் கன்ட்ரோல் இருக்கும்மா, ஒண்ணும் செய்யாது’ என்று பிள்ளை சமாளித்தால் நம்ப வேண்டாம். அது காப்பாற்றுவது பஞ்சைத்தான். திரவத்தில் நிக்கோடின் இருந்தால், டிகிரியைக் குறைத்தாலும் ஆவியோடு அதுவும் உள்ளே போகும். ஆளை அடிமையாக்குவதும் அதுதான்.

இந்தியாவில் 2019 முதல் இவற்றின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் தடை. முதல்முறை சிக்கினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆன்லைன் விற்பனையும் இதில் அடக்கம்.