பரங்கிப்பேட்டை இரும்பாலை: தாது இருந்தது, கப்பல் இருந்தது, விறகு?

இரும்பாலைன்னு சொன்னா நம்ம பக்கத்தில் எல்லோரும் சேலம் என்பார்கள். அதற்கு நூற்றைம்பது வருஷம் முன்பே தமிழ்நாட்டில் ஓர் இரும்பாலை இருந்தது. இடம் பரங்கிப்பேட்டை. சமயபுரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம் கடலில் சேரும் இடத்துக்குச் சற்று வடக்கே, வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிற பழைய துறைமுகம்.

ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. சேலத்தில் வேலை பார்த்தபோது உள்ளூர்க்காரர்கள் சின்ன மண் உலைகளில் இரும்பு காய்ச்சுவதைப் பார்த்தார். இதையே பெரிய ஊதுலையில் செய்தால் என்ன என்று வேலையை விட்டுவிட்டு, 1830-இல் ஆலையைத் தொடங்கினார். கம்பெனி அரசு கடன் கொடுத்தது. தரிசு நிலங்களில் விறகு வெட்டும் உரிமையும் கொடுத்தது.

ஏன் கடற்கரை? சரக்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். இரும்புக் கட்டிகள் கப்பலேறின. 1850-இல் திறந்த வேல்ஸ் நாட்டு பிரிட்டானியா பாலத்திலும் பரங்கிப்பேட்டை இரும்பு போயிருக்கிறது.

ஆனால் கணக்கு உதைத்தது. தாது சேலம் மாவட்டத்திலிருந்து வர வேண்டும். எரிபொருளோ மரக்கரி. ஒரு டன் கரி எடுக்க நாலைந்து டன் விறகு வேண்டும். இரும்பு உருக்கக் கரியோ இரும்பின் எடையைப் போல் சில மடங்கு தேவை. பக்கத்துக் காடு தீரத் தீர, கரி தூரத்திலிருந்து வந்தது. வண்டியில் குலுங்கினால் கரி பொடியாகிவிடும், பொடி உலைக்கு ஆகாது. இங்கிலாந்திலோ நிலக்கரியில் சுட்ட கோக் மலிவாகக் கிடைத்தது.

ஹீத் கடைசியில் ஷெஃபீல்டில் மாங்கனீசு சேர்த்து நல்ல எஃகு செய்யும் வழியைக் கண்டுபிடித்து 1839-இல் காப்புரிமை வாங்கினார். ஆலைக்காரர்கள் முறையைச் சற்றே மாற்றிப் பயன்படுத்திக்கொண்டார்கள். வழக்கு முடியும் முன்பே, 1851-இல் இறந்துபோனார். பரங்கிப்பேட்டை உலையும் 1860-களில் அணைந்தது.

இதைத் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கப்பலுக்குப் பக்கத்தில் ஆலையை வைத்தவர்கள், காடு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கவில்லை. இன்று சேலம் உருக்காலை கஞ்சமலை அடிவாரத்திலேயே நிற்கிறது. ஆனால் ஆரம்ப காலத்தில் அது உருட்டியது வெளியிலிருந்து வந்த எஃகை. கஞ்சமலைத் தாது மலையிலேயே கிடக்கிறது. தாது இருந்தால் மட்டும் ஆலை ஓடாது என்பதற்கு இரண்டு ஊரும் சாட்சி.