பேர்னூலியின் சனிக்கிழமையும் எமது பிள்ளைகளின் கணனிப் படிப்பும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பகுதியிலும் சுவிற்சர்லாந்திற் தஞ்சம் கோரிய எம்மவர் முதன்முதலிற் கையில் வாங்கிய நாணயத்தாள்களுள் 10 பிராங் தாளும் ஒன்றாக இருந்திருக்கும். 1979ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட அத்தாளில் ஒருவரது முகம் அச்சிடப்பட்டிருந்தது. உணவகச் சமையலறைகளிற் பாத்திரம் கழுவிப் பெற்ற கூலியோடு அந்த முகத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம். அவர் யாரெனக் கேட்க அன்று எவருக்கு நேரம் இருந்தது? பாசல் நகரில் 1707ஆம் ஆண்டு பிறந்த கணித மேதை லெயோனார்ட் ஒய்லர்தான் அவர். எம் வீடுகளில் இன்று அடிக்கடி எழும் ஒரு கேள்விக்கு அவருடைய இளமைப் பருவத்திலே நல்ல விடையொன்று கிடக்கின்றது.

கேள்வி இதுதான். கணனி நிரலாக்கம் பயிலும் பிள்ளைக்குத் தனியாக ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டுமா? வேண்டுமாயின் அவர் எத்தகையவராக இருத்தல் வேண்டும்?

இது வசதி படைத்தோரின் வீண் கேள்வியன்று. ஜேர்மன் மொழி பேசும் மாநிலங்களின் பொதுப் பாடத்திட்டத்தில் ஊடகமும் கணனியியலும் இடம்பெற்றுவிட்டன. உயர்நிலைப் பாடசாலையாகிய கிம்னாசியத்திற் கணனியியல் கட்டாய பாடமாகிவிட்டது. பல்கலைக்கழகம் செல்லாத பிள்ளைக்கும் ‘லேரே’ எனப்படும் தொழிற்பயிற்சி வழியே இத்துறையில் நுழைய முடியும். அதற்கு நான்கு ஆண்டுகள் பிடிக்கும். ஆயினும் பெற்றோருள் பலர் 1990இன் பின் மின்சாரம் துண்டிக்கப்பட்ட யாழ். குடாநாட்டில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திற் படித்து வந்தவர்கள். பிள்ளையின் திரையில் ஓடும் எழுத்துக்களைப் பார்த்து உதவவோ கண்டிக்கவோ இயலாது தவிக்கின்றனர். ஆகவே எமக்குப் பழக்கமான வழியை நாடுகின்றோம்: ரியூசன்.

ரியூசனை நாம் இழிவாகக் கூறவரவில்லை. தகரக் கொட்டில்களின் கீழ் வாங்குகளில் நெருக்கியடித்து அமர்ந்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்து பழகி, க.பொ.த. உயர்தரத்திற் சித்தியடைந்தோர் எம்மிடையே ஆயிரக்கணக்கில் உள்ளனர். வினா எவ்வடிவில் வரும் என்பதை முன்னறிந்து விடையைத் தயாராக வைத்திருக்கும் கலை அது. நிரலாக்கத்திலோ அக்கலை அதிக தூரம் செல்லாது. இங்கு வினாவைத் தானே வகுத்துக்கொள்ளவும், தான் எழுதியதில் எங்கே வழு உள்ளது எனத் தானே தேடவும் பிள்ளை பழக வேண்டும். மனனஞ் செய்த நிரல் அடுத்த கணக்குக்கு உதவாது.

இனி ஒய்லரிடம் வருவோம். அவர் 1720இல், தமது 13ஆவது வயதிற் பாசல் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அவருடைய தந்தையார் புரட்டஸ்தாந்து மதகுரு. மகனும் குருவாக வேண்டுமென்பதே அவர் விருப்பம். அப்பல்கலைக்கழகத்திற் கணிதப் பேராசிரியராக விளங்கியவர், அக்காலத்தின் தலைசிறந்த கணித அறிஞருள் ஒருவரான யோகான் பேர்னூலி. சிறுவன் ஒய்லர் அவரிடஞ் சென்று தமக்குத் தனிப்பாடம் சொல்லித்தர வேண்டுமெனக் கேட்டார். வேலைப்பளுவைக் காரணங் காட்டிப் பேர்னூலி மறுத்துவிட்டார்!

மறுத்தவர் ஒரு வழியையுங் காட்டினார். கடினமான கணித நூல்களைத் தானாகவே படிக்குமாறு கூறினார். விளங்காத இடங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு சனிக்கிழமை பிற்பகல்களில் வருமாறு அனுமதித்தார். அவ்வளவே. இதனை ஒய்லரே 1767இல் தம் மூத்த மகனுக்குச் சொல்லி எழுதுவித்த வாழ்க்கைக் குறிப்பிற் கூறியுள்ளார். ஆசிரியர் ஒரு தடையை நீக்கிவிட, மேலும் பத்துத் தடைகள் தாமாகவே அகன்றன என்றும், கணிதத்தில் முன்னேற இதுவே மிகச் சிறந்த முறை என்றும் அவர் கருதினார்.

அங்கு உண்மையில் நடந்தது என்ன? ஆறு நாட்கள் சிறுவன் தனியே போராடினான். எது விளங்கவில்லை என்பதைத் திட்டமாக அறிந்தால் மட்டுமே அதனைக் கேள்வியாக எடுத்துச் செல்ல முடியும். பெரிய மனிதரின் நேரத்தை வீணாக்கலாகாது என்ற அச்சத்தில் அற்பமான ஐயங்களைத் தானே தீர்த்துக்கொண்டிருப்பான். எஞ்சியவை மாத்திரமே ஆசிரியரிடம் போயின. இந்த முறை கணிதத்தைக் காட்டிலும் நிரலாக்கத்துக்கே கூடுதலாகப் பொருந்தும் என்பது எமது எண்ணம். ஏனெனில் எழுதியது சரியா பிழையா என்பதை அறிய நிரலாக்கம் பயிலும் பிள்ளை சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டிப் பார்த்தவுடனேயே கணனி காட்டிவிடும். ஏன் பிழை, அந்தப் பிழை தன் சிந்தனையின் எவ்விடத்திலிருந்து வந்தது என்பதற்கே மனிதர் ஒருவர் தேவைப்படுகின்றார்.

ஓர் உதாரணம் காட்டுவோம். 12 மாத வாடகையைக் கூட்டுவதற்குப் பிள்ளை நிரல் எழுதுகின்றாள். விடையோ 11 மாதத்திற்கே வருகின்றது. அவசரக்கார ஆசிரியர் விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்து ஓர் எண்ணை மாற்றிவிடுவார். இரண்டு விநாடி வேலை. நிரல் ஓடும், பிள்ளை மகிழ்வாள், மறுவாரம் அதே பிழையை வேறோரிடத்தில் விடுவாள். பொறுமையுள்ள ஆசிரியர் கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்: “10 மீற்றர் வேலிக்கு மீற்றருக்கு ஒன்றாகக் கதியால் நாட்டினால் எத்தனை கதியால் வேண்டும்?” பத்து என்று அவள் சொல்லுவாள். தாளில் வரைந்து பார்க்கச் சொன்னால் 11 வரும். இடைவெளிகளை எண்ணுவதும் கதியால்களை எண்ணுவதும் ஒன்றல்ல என்பது அவளுக்கு அப்போது பிடிபடும். ஊரில் வேலியடைத்துப் பழகிய அப்பப்பா அருகிலிருந்தால் ஆசிரியரை முந்திக்கொண்டு விடை சொல்லியிருப்பார். பல நிரல்மொழிகளில் எண்ணிக்கை பூச்சியத்தில் தொடங்குவதால் இவ்வகை வழு அனுபவசாலிகளையுங் கூட விட்டுவைப்பதில்லை.

தனியாசிரியருக்கும் நிரலாக்கத்துக்கும் உள்ள தொடர்பு கணனி பிறப்பதற்கு முன்பே ஏற்பட்டுவிட்டது. சார்ள்ஸ் பபேஜ் என்னும் ஆங்கிலேயர் திட்டமிட்ட கணிப்பு இயந்திரம் பற்றி மெனப்ரியா என்ற இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரை, 1842ஆம் ஆண்டு ஜெனீவாவில் வெளியான ஒரு சஞ்சிகையில் வந்தது. அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அடா லவ்லேஸ் சீமாட்டி 1843இல் மூலத்தைவிட நீண்ட குறிப்புக்களைத் தாமே சேர்த்தார். அவற்றுள் ஒன்றே முதற் கணனி நிரல் எனப் பலராலும் கூறப்படுவது. அது கணிக்க முற்பட்டதோ பேர்னூலி எண்கள். எமது யோகானின் தமையனார் யாக்கோப் பேர்னூலியின் பெயரால் வழங்குபவை. அடாவுக்குக் கடிதங்கள் மூலம் உயர்கணிதம் புகட்டிய தனியாசிரியர் அகஸ்ரஸ் டி மோர்கன். அவர் 1806இல் எங்கள் மதுரையிற் பிறந்தவர் என்பது வாசகர்கள் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டாராதலால் மதுரைக்கு அதிற் பெருமை கொள்ள அதிகமில்லை. அடாவின் அந்த அட்டவணை அச்சானபோது அதன் ஒரு படியில் வகுக்கும் எண்ணும் வகுபடும் எண்ணும் இடம்மாறியிருந்தன. முதல் நிரலிலேயே வழு! ஓடிப் பார்க்க இயந்திரம் இருக்கவில்லை. அது கட்டி முடிக்கப்படவே இல்லை.

நிரலாக்கத்தைக் கற்பிப்பதற்கென்றே மொழியொன்றை ஆக்கியவர் இந்நாட்டவர் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது. வின்ரர்தூரில் 1934இல் பிறந்து, சூரிச் கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்லூரியிற் பேராசிரியராகப் பணியாற்றிய நிக்லவுஸ் விர்த் அவர்கள் 1970இல் பாஸ்கல் மொழியை வெளியிட்டார். 1984இல் கணனியியலின் அதியுயர் விருதாகிய ரூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் நாள் அவர் காலமானார். தெளிவாகச் சிந்திக்கும் பழக்கத்தை மாணவரிடத்து வளர்ப்பதே பாஸ்கலின் நோக்கம். அதில் எந்த மாறியையும் முன்கூட்டியே அறிவிக்காமற் பயன்படுத்த முடியாது. பெரிய கணக்கைச் சிறு கணக்குகளாகப் படிப்படியாகப் பிரிக்க வேண்டும் என்பதை 1971ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் அவர் விளக்கியுள்ளார்.

பாஸ்கல் பிறந்த கதையில் ஒரு செய்தி எம்மை மிகவும் கவர்ந்தது. பாஸ்கலுக்கான தொகுப்பியை முதலில் வேறொரு மொழியில் எழுத முயன்று தோற்றனர். இரண்டாம் முறை அதனைப் பாஸ்கலிலேயே எழுதினர். அதை ஓட்டிப் பார்க்கப் பாஸ்கல் அறிந்த இயந்திரம் உலகில் எங்கும் இல்லை! குழுவைச் சேர்ந்த ஒருவர் இரு வாரங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த நிரல் முழுவதையும் அங்கிருந்து கையாலேயே தாழ்நிலை மொழிக்கு மாற்றினார். கணனியின் உதவியின்றி, தாளிலும் தலையிலுமே முழு நிரலையும் சரிபார்த்த மனிதர்கள் அவர்கள். இன்றைய பிள்ளையிடம் இரு வாரம் கேட்க வேண்டாம். இருபது நிமிடம் திரையை மூடிவைத்துத் தாளில் எழுதச் சொன்னாலே முகம் சுருங்குகின்றது.

தனியாக ஒருவருக்குக் கற்பிப்பதன் பயன் பற்றி ஆய்வுகளும் உண்டு. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் 1984இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தனியாசிரியரிடம் கற்ற சராசரி மாணவர், வகுப்பறையிற் கற்றோரில் 98 வீதமானவர்களை விஞ்சினார். பின்வந்த ஆய்வுகள் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காணவில்லை; நன்மை உண்டு என்பதை மறுக்கவுமில்லை.

2022ஆம் ஆண்டு நவம்பரிற் சற் ஜீ.பீ.ரீ. வெளிவந்த பின், வேண்டிய நிரலைக் கேட்ட மாத்திரத்தே எழுதித் தரும் இயந்திர ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையின் கைத்தொலைபேசியிலும் குடிவந்துவிட்டார். பணமும் அவ்வளவாகக் கேட்பதில்லை; சினப்பதுமில்லை. பிழைச் செய்தியொன்றின் பொருளை விளக்குவதற்கு அவர் நல்லவர்தான். ஆனால் அந்த ஆறு நாட்களை அவர் பறித்துவிடுகின்றார். ஐயம் எழுமுன்பே விடை வந்தால் ஐயங்களைச் சேர்த்து வைக்கும் கொப்பி வெறுமையாகவே இருக்கும்.

எனவே ஆசிரியரைத் தேடும் பெற்றோர் அவருடைய பட்டங்களைக் காட்டிலும் அவர் கைகளைக் கவனிக்கும்படி வேண்டுகின்றோம். பாட நேரத்தில் விசைப்பலகை யார் வசம் இருக்கின்றது? கிழமைக்கு ஒரு மணித்தியாலம் போதும். லேரேயில் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலுள்ள எம்மின இளைஞர் ஒருவரே பேராசிரியரைவிட நன்றாகச் செய்யக்கூடும். தாம் தடுமாறிய இடங்கள் அவருக்கு இன்னும் மறந்திருக்காது. லேரே இடம் தேடிச் சில நாட்கள் முன்பயிற்சிக்குச் செல்லும் பிள்ளையிடம், நீ செய்ததைக் காட்டு என்று நிறுவனத்தார் கேட்கலாம். பிறர் எழுதிக் கொடுத்ததாயின் இரண்டாவது கேள்வியிலேயே அகப்பட்டுக்கொள்வாள்.

நிரலாக்கம் அறியாத பெற்றோருக்கும் இதிற் பங்குண்டு. பிள்ளை தன் நிரலை வரிவரியாகத் தமிழிற் சொல்லட்டும், தாயோ தந்தையோ எதிரில் அமர்ந்து, “அதற்குப் பிறகு என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்கட்டும். வாய்விட்டு விளக்கும்போது தன் பிழை தனக்கே தெரிந்துவிடும்; கைதேர்ந்த நிரலாளரும் கையாளும் உபாயம் இது. தமிழும் கொஞ்சம் வளரும்.

ஒய்லரின் தந்தையார் கதை எஞ்சியிருக்கின்றது. மகன் இறையியலைக் கைவிட்டுக் கணிதத்தின் பின்னே போவதை அவர் முதலில் விரும்பவில்லை. தனிப்பாடம் சொல்லித்தர நேரமில்லை என்ற அதே பேர்னூலி, அந்தத் தந்தையாரிடம் பேசி இணங்க வைக்க நேரம் கண்டார். 1727இல், இருபது வயதை எட்டும் தறுவாயில், ஒய்லர் வேலைக்காகப் பாசலை விட்டு ரஷியாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகருக்குப் புறப்பட்டார். பின்னர் ஒருபோதும் அவர் ஊர் திரும்பவில்லை.