பேரிங் எத்தனை நாள் தாங்கும்?

பத்து பெரண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்துத் தொழிற்சாலையானாலும், மலாக்காத் தோட்டப்புறச் செம்பனை ஆலையானாலும், மோட்டாரின் தண்டு சுழல்வது பேரிங்கில்தான். ஒரே பெட்டியில் வந்த முப்பது பேரிங்குகளை ஒரே சுமையில் ஓட்டிப் பார்த்தால் ஒன்று சீக்கிரமே போய்விடும்; இன்னொன்று அதைப்போல் இருபது மடங்கு ஓடும். ஏன்?

பேரிங்கின் உள்ளே குண்டு உருண்டு கடக்கும்போதெல்லாம் ஓடுபாதையின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உருக்கு அழுந்தி மீள்கிறது. கண்ணுக்குத் தெரியாத மாசு ஒன்று அங்கே இருந்துவிட்டால் அதையொட்டி விரிசல் பிறக்கும். அது மெல்ல மேலேறி, ஒரு நாள் சிறு செதிலாகப் பெயரும். கையால் சுழற்றும்போது கரகரப்பது அந்தக் குழிதான். மாசு எந்தப் பேரிங்கில், எந்த இடத்தில் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அதனால் சுவீடன் பொறியாளர் அர்விட் பாம்கிரென் 1924இல் வேறு கேள்வி கேட்டார்: பத்தில் ஒன்பது எவ்வளவு காலம் தாங்கும்? 1947இல் லுண்ட்பெர்க் என்பவருடன் சேர்ந்து, வைபுல் என்பவரின் புள்ளியியலைத் துணைகொண்டு அதை முழுக் கோட்பாடாக்கினார். இன்றும் அதுதான் அடிப்படை. பேரிங்கின் சுமைத்திறனை அது சுமக்கும் சுமையால் வகுக்க வேண்டும். அந்த விடையை மும்முறை பெருக்கினால், பத்தில் ஒன்பது தாங்கும் சுற்றுகள் மில்லியனில் கிடைக்கும். விடை 10 என்றால் 10×10×10, அதாவது 1,000 மில்லியன் சுற்றுகள். நிமிடத்துக்கு 1,450 சுற்று ஓடும் மோட்டாரில் இது ஏறத்தாழ 11,500 மணி நேரம். இரவு பகலாக ஓடினால் பதினாறு மாதம்.

மும்முறை பெருக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. சுமை கால் பங்கு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். பெல்ட் கீச்சிடுகிறது என்று கூடுதலாக இழுத்து முடுக்குகிறோமே, அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது மோட்டாரின் முன்பக்கப் பேரிங்! பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதைவிட இழுவிசைமானி வைத்து அளப்பது எவ்வளவோ மேல்.

இந்தக் கணக்கு சுத்தமான கிரீஸையும் நேரான தண்டையும் நம்பிப் போட்டது. செம்பனை நார்த்தூசியும் நீராவியும் உள்ளே புகுந்தால் பதினாறு மாதத்தை எதிர்பார்க்க முடியாது. எல்லாம் சரியாக இருந்தால் பாதிப் பேரிங்குகள் அதைப்போல் நாலைந்து மடங்கு ஓடும். பதினாறாம் மாதம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தால், பத்தில் ஒன்பது நல்லவை குப்பைக்குப் போகும். அதனால்தான் அனுபவமுள்ள டெக்னீஷியன் கணக்கிட்ட நாள் நெருங்கியதும் ஸ்பேனரை எடுப்பதில்லை; அதிர்வுமானியை எடுக்கிறார்.