முப்பது இலட்சம் மைல் ஓடிய கார்: இயந்திரத் தேய்வும் பேணலும்

மோட்டார் வாகனங்களுள் ஸ்போர்ட்ஸ் கார் என வழங்கும் வகை தாழ்ந்த உடலும், இருவருக்கே போதிய இடமும், விரைந்து சுழலும் எஞ்சினும் உடையது. அதனை வாங்குவோர் பெரும்பாலும் அழகையும் வேகத்தையும் கருதியே வாங்குவர். நெடுநாள் உழைக்கும் என்று கருதி வாங்குவார் மிகச் சிலர். வாங்கியபின், ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று அஞ்சி, கொட்டிலிற் பூட்டித் துணியால் மூடிவைத்து, ஆண்டுக்கு இரண்டொரு முறை மாத்திரம் வெளியிற் கொணர்வாரும் உளர். ஆயின், ஒரே உரிமையாளர் தம் சொந்தத் தேவைக்காக ஓட்டிய வாகனங்களுள் மிகக் கூடிய தூரம் ஓடியதெனக் கின்னஸ் சாதனை நூல் பதிவு செய்த வாகனம் உறுதி ஒன்றையே கருதிச் செய்யப்பட்ட பெருவண்டியன்று; 1966ஆம் ஆண்டில் வாங்கப்பெற்ற ஒரு ஸ்போர்ட்ஸ் கார். அஃது அத்துணைத் தூரம் ஓடியது எங்ஙனம் என ஆராயப் புகின், இயந்திரங்கள் எதனால் தேய்கின்றன, எதனால் தேயாது நிலைக்கின்றன என்னும் பொதுவினாவுக்கே விடை கிடைத்தல் கூடும்.

அக்காரின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கிய இர்வ் கோர்டன் என்பவர், 1966 யூன் மாத இறுதியில், சுவீடன் நாட்டு வொல்வோ 1800எஸ் கார் ஒன்றை 4,150 டொலர் கொடுத்து வாங்கினார். ஆசிரியர் ஒருவரின் வருவாய்க்கு அது சிறு தொகையன்று. பாடசாலைக்குப் போய்வர அவர் நாள்தோறும் 125 மைல் ஓடவேண்டியிருந்தது. விடுமுறை நாட்களிலும் நெடும்பயணங்களை விரும்பினார். 1987இல் கார் பத்து இலட்சம் மைலைக் கடந்தது. 1998இல் கின்னஸ் நூலில் இடம்பெற்றது. 2002இல் இருபது இலட்சமும், 2013 செப்டெம்பரில் அலாஸ்காவில் முப்பது இலட்சமும் நிறைந்தன. கோர்டன் 2018இற் காலமானார். அதன் எஞ்சின் முழுமையாகப் பிரித்துப் புதுக்கப்பட்டது இருமுறையே. முதன்முறை 6,80,000 மைல் ஓடிய பின்னர்.

முப்பது இலட்சம் மைல் என்பது நாவால் எளிதிற் சொல்லப்படுவது; அதன் பொருளை உணர ஒரு கணக்குத் தேவை. மணிக்குச் சராசரி 50 மைல் ஓடிற்றெனக் கொள்வோம். அவ்வாறாயின் அவ்வெஞ்சின் இயங்கிய காலம் 60,000 மணித்தியாலம்; அஃதாவது இரவுபகல் ஓயாது ஏறத்தாழ ஆறு ஆண்டும் பத்து மாதமும். நிமிடத்துக்கு 2,500 சுற்றென வைத்தால், அதன் சுழல்தண்டு 900 கோடி முறை சுழன்றிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 80 மில்லிமீற்றர் மேலேறி அதே அளவு கீழிறங்கும். எனவே மூன்றங்குலத்துக்குச் சற்றே கூடிய சிறு வழியில் ஏறியிறங்கிய வண்ணமே ஒவ்வொரு பிஸ்டனும் ஏறக்குறைய ஒன்பது இலட்சம் மைல் பயணஞ் செய்திருக்கிறது! உலோகம் உலோகத்தோடு நேராக உரசியிருப்பின், இதில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரத்தையும் அது கடந்திராது.

உரசவில்லை என்பதே இதன் மருமம். நன்கு இயங்கும் எஞ்சினில், சுழல்தண்டு தன்னைத் தாங்கும் பெயாரிங்கைத் தொடுவதில்லை. தண்டு சுழலும் வேகத்தினால் எண்ணெய் இடுக்கினுள் இழுக்கப்பட்டு, ஆப்புப் போற் புகுந்து, தண்டினைத் தூக்கிப் பிடிக்கின்றது. தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்கும் இல்லாத அந்த எண்ணெய்ப் படலத்தின் மீதே பாரம் முழுவதும் தங்குகின்றது. படலம் நிலைத்திருக்கும்வரை தேய்வு இல்லையென்றே சொல்லலாம். படலம் எப்போது அறுகின்றது என்று கேட்பதே, எஞ்சின் எப்போது தேய்கின்றது என்று கேட்பதற்கு நிகராகும்.

அறுவது பெரும்பாலும் புறப்படும் வேளையில். இரவெல்லாம் நின்ற எஞ்சினின் மேற்பகுதிகளிலிருந்து எண்ணெய் வடிந்து அடித்தொட்டியிற் சேர்ந்துவிடும். முதற் சில வினாடிகளில் உறுப்புகள் எஞ்சிய ஈரத்திலேயே இயங்குகின்றன. இதனினும் பெருங்கேடு குளிர்ந்த சிலிண்டரினால் விளைகின்றது. ஒரு கலன் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு கலன் நீர் உண்டாகின்றது என்பதைப் பலர் அறியார். எஞ்சின் சூடேறிய நிலையில் அந்நீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். குளிர்ந்த நிலையிலோ சிலிண்டர்ச் சுவரில் நீராய்ப் படிந்து, எரிதலாற் பிறக்கும் அமிலங்களையும் கரைத்துக்கொண்டு எண்ணெயுடன் கலக்கும். எரியாத பெற்றோலும் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழிறங்கும். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஓஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய கார்களைச் சிறிது பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியோர், இவ்விளைவைக் கண்கூடாகக் கண்டவர்கள். முற்றும் ஆவியாகாத மண்ணெண்ணெய் எண்ணெய்த் தொட்டியில் இறங்கி, எண்ணெயை நீர்க்கச் செய்யும். பெற்றோல் எஞ்சினிலும் குறுந்தூர ஓட்டங்களில் நிகழ்வது அதுவே, அளவே குறைவு.

ஆகவே, ஒரு நாளில் 125 மைல் ஓடிய கார், ஒவ்வொரு முறையும் இரண்டு மைல் வீதம் சந்தைக்கும் அஞ்சலகத்துக்கும் ஓடிய காரைவிட மைலுக்கு மிகக் குறைவாகவே தேய்ந்திருக்கும். கோர்டனின் காரை அதிட்டக் கார் என்று கூறுவாருமுளர். அதிட்டத்தை அழைக்குமுன் அவருடைய நெடிய நாட்பயணத்தை நோக்குதல் வேண்டும். எஞ்சின் சூடேறிய நிலையில், ஒரே சீராக, ஒரு மணித்தியாலத்துக்கும் மேலாக ஓடுவதே அதற்கு உகந்த வாழ்வு. இங்கு றேடியேற்றர் நீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ராற் என்னும் சிறு கருவியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். எஞ்சின் கொதிக்கின்றது என்பதற்காக அதனைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் வெப்பநாடுகளிற் பரவலாக உண்டு. அதனால் எஞ்சின் என்றும் அரைச்சூட்டிலேயே ஓடி, மேற்கூறிய கேடுகளையெல்லாம் நாள்முழுதும் அனுபவிக்கின்றது. கொதிப்பின் காரணம் அடைபட்ட றேடியேற்றரிலோ, தளர்ந்த விசிறிப் பட்டியிலோ, பழுதுற்ற தேமோஸ்ராற்றிலோ இருக்கும். பழுதுற்றதெனின் புதியது பூட்டுதலே முறை, எடுத்தெறிதல் முறையன்று.

எண்ணெய் மாற்றுதலின் காரணமும் இதனால் விளங்கும். எண்ணெய் தேய்ந்து போவதால் மாத்திரம் அன்று, அழுக்கைச் சுமந்து நிறைவதாலும் அது மாற்றப்படுகின்றது. கோர்டன் 3,000 முதல் 3,500 மைலுக்கு ஒருமுறை எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிவந்தார். அவ்வகையில் முப்பது இலட்சம் மைலுக்குள் எண்ணூறு முறைக்கு மேல் மாற்றவேண்டியிருந்திருக்கும். இக்கால எண்ணெய்கள் இதனினும் நெடுந்தூரம் தாங்குவன. ஆயினும் பழைய எஞ்சினுக்கு அவற்றுள் எதனையும் வாங்கி ஊற்றிவிடுதல் சரியன்று. காம்புத் தண்டின் புடைப்புகள் தட்டையான அடியுள்ள தட்டிகளின் மேல் வழுக்கிச் செல்லும் அமைப்பு, அக்கால எஞ்சின்களில் உண்டு. அவ்விடத்திற் படலம் எளிதில் அறும். அங்கு உலோகத்தைக் காப்பது எண்ணெயிற் சேர்க்கப்படும் நாகமும் பொசுபரசுங் கலந்த சேர்வை. புதுக்கார்களின் புகைதூய்மிக் கருவிக்குப் பொசுபரசு தீங்கு என்பதனால், பிற்கால எண்ணெய்களில் இச்சேர்வையின் அளவு குறைக்கப்பட்டது. எனவே பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர், அச்சேர்வை போதிய அளவுள்ள எண்ணெயைத் தேடி வாங்குதல் இன்றியமையாதது. அற்புதம் புரியுமென்று போத்தலில் அடைத்து விற்கப்படும் கலவைகளை நம்பி எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடுதல் அறிவுடைமையாகாது.

எண்ணெய்க்கு அடுத்தது காற்று. காற்றில் வரும் தூசு கண்ணுக்கு மென்மையாகத் தோன்றினும், அதிற் பெரும்பகுதி மணற்சத்தே. எண்ணெயுடன் கலந்தவுடன் அரைக்கும் பசையாகிவிடும். காற்று வடிகட்டியின் விலை அற்பம். அது தடுக்கும் தேய்வோ அளவிடற்கரியது.

பேணலை மாத்திரம் புகழ்ந்து, செய்தவர் திறமையை மறைத்தலும் நீதியன்று. வொல்வோவின் பி18 எனப்படும் இவ்வெஞ்சின் 1,778 கன செண்டிமீற்றர் கொள்ளளவுடையது. நான்கு சிலிண்டர் கொண்டது. இதற்கு முந்திய எஞ்சினிற் சுழல்தண்டை மூன்று பெயாரிங்குகள் தாங்கின. இதில் ஐந்து தாங்குகின்றன. ஆதலின் தண்டு வளைதலும் அதிர்தலும் குறைவு. காம்புத் தண்டினைச் சுழற்றுவது சங்கிலியன்று, றப்பர்ப் பட்டியுமன்று, பற்சக்கரமே. பிற்காலத்து ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் அப்பணியை றப்பர்ப் பட்டி செய்கின்றது. அப்பட்டி ஓடாமல் நின்றாலும் ஆண்டுகள் செல்ல முதுமையடையும். அறுந்ததாயின், பல எஞ்சின்களிற் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அத்தகைய கார் உடையோர் மைற்கணக்கை மாத்திரம் நம்பாது ஆண்டுக்கணக்கையும் நோக்கிப் பட்டியை மாற்றவேண்டும். 1800எஸ் காரில் நான்காங் கியருக்கு மேல் ஓவர்டிறைவ் என்னும் அமைப்பும் உண்டு. பெருந்தெருவில் அதனைப் பயன்படுத்தின், காரின் வேகம் குறையாமலே எஞ்சினின் சுழற்சி ஐந்திலொரு பங்குக்கு மேற் குறையும். முப்பது இலட்சம் மைலில் இக்குறைவு எத்தனை கோடிச் சுற்றுகளை மிச்சப்படுத்தியிருக்கும் என்பதை மாணவர் தாமே கணித்துக்கொள்ளலாம்.

ஸ்போர்ட்ஸ் காருக்கே உரிய சில நுணுக்கங்களும் உள. இவ்வகை எஞ்சினுக்குக் காபரேற்றர் இரண்டு. அவை ஒத்து இயங்காவிடின், இரு சிலிண்டர்கள் மற்றிரண்டின் சுமையையும் சேர்த்து இழுக்கும். காற்றுவாயிலின் சுழலச்சு தேய்ந்தால் அதன் வழியே கள்ளக்காற்று நுழையும். பெற்றோல் விகிதம் குறைந்து, எரிவெப்பம் மிகுந்து, வெளியேற்று வால்வு கருகும். வால்வுக்கு விடும் இடைவெளியும் அத்தகையதே. வால்வு தன் இருக்கையிற் படிந்திருக்கும் சிறு நேரத்திலேதான் தன் வெப்பத்தை அதற்குக் கொடுத்துக் குளிர்கின்றது. இருக்கை தேயத் தேய இடைவெளி சுருங்கும். முற்றும் சுருங்கினால் வால்வு முழுதும் மூடாது, வெப்பம் போகவழியின்றி எரிந்துவிடும். ஈயங் கலந்த பெற்றோல் அவ்விருக்கைகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டுடன் தெருவாகனங்களுக்கு அது முற்றாக நிறுத்தப்பட்டபின், எஞ்சின் தலையைப் புதுக்குங்கால் கடினமான இருக்கைகளைப் பொருத்துதல் வழக்கமாயிற்று. வால்வு மெல்லத் தட்டும் ஒலி கேட்டால் ஓட்டுநர் அஞ்சுவர். கைதேர்ந்த மெக்கானிக் அஞ்சுவதோ, தட்டிக்கொண்டிருந்த வால்வு காரணமின்றி மௌனமாகும்போது.

இவை யாவற்றிலும் ஒரு பொதுநெறி ஓடுகின்றது. மலிவான உறுப்பு தேயும்போது தன்னளவில் நில்லாது, அயலிலுள்ள விலையுயர்ந்த உறுப்பையும் கெடுக்கின்றது. நீர்க்குழாய் வெடித்தால் எஞ்சின் தலை வளையும். கிறீஸ் காணாத மூட்டு ஆடத்தொடங்கினால் கியர்ப்பெட்டியின் பின்பெயாரிங் கெடும். தொங்கமைப்பின் றப்பர் நைந்தால் புது ரயர் சில மாதங்களில் ஒருபுறமாய் அழியும். கோர்டன் தம் காருக்குச் செய்தது பெரும்பாலும் தயாரிப்பாளரின் கைந்நூல் கூறிய வேலைகளை, கூறிய மைலில், தவறாது செய்ததே. அந்நூல் ஒவ்வொரு காருடனும் கொடுக்கப்படுவது. உரிமையாளர் பலரால் ஒருமுறையேனும் திறக்கப்படாததும் அதுவே. புதிதாய் எழும் ஒலி, மாறிய மணம், ஸ்ரியறிங்கில் தோன்றும் சிறு நடுக்கம் ஆகியவற்றை அன்றே ஆராய்தல் அந்நூலில் அடங்காத மற்றைப் பாதி.

இனி, ஓட்டாது பூட்டிவைக்கப்படும் காரின் நிலையை நோக்குவோம். அது தேய்வதில்லை, ஆயின் அழிகின்றது. காபரேற்றரில் நின்ற பெற்றோல் ஆவியாகிப் பிசினை விட்டுச்செல்லும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்தே சிலிண்டரைத் துருப்பிடிக்கச் செய்வதோடு, மலையிறக்கத்தில் எளிதிற் கொதித்துப் பிறேக்கையும் ஏமாற்றும். எண்ணெய் படாது உலர்ந்த முத்திரை வளையங்கள் சுருங்கிக் கசியும். ரயர்கள் பூக்கள் அழியாமலே வெடிக்கும். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினைக் கிளப்பி நிறுத்தினாற் போதும் என்பது பரவலான நம்பிக்கை. அது நீரையும் அமிலத்தையும் எண்ணெயிற் சேர்த்துவைத்து, அவற்றை ஆவியாக்கும் சூடு வருமுன் நிறுத்திவிடுதலாகும்; கிளப்பாமலே விடுதல் அதனினும் நன்று. மாதம் ஒருமுறையேனும் இருபது முப்பது மைல் ஓட்டுதலே தக்கது.

பல்லாண்டு நின்றுவிட்ட காரை மீண்டும் எழுப்புவோர், பற்றரியைப் பூட்டியவுடன் சாவியைத் திருப்புதல் ஆகாது. முதலிற் பழைய பெற்றோலையும் எண்ணெயையும் வடித்துப் புதியன நிரப்பவேண்டும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரவு ஊறவிடல் வேண்டும். மறுநாட் கையாலே எஞ்சினை மெல்லச் சுழற்றிப் பார்த்து, தடையின்றிச் சுழன்றால், பிளக்குகள் இல்லாமலே ஸ்ராட்டரைக் கொண்டு சுழற்றி, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுவதைக் காணவேண்டும். முள் எழுந்த பின்னரே பிளக்குகளைப் பூட்டிக் கிளப்பலாம். பிறேக் எண்ணெயும் றப்பர்க் குழாய்களும் மாற்றப்பட்ட பின்னரே தெருவுக்குக் கொண்டுசெல்லலாம்.