கொறங்காட்டு மண்ணில் சேரும் கார்பன்

காங்கேயம் காளையைத் தெரிந்தவர்களில் பலருக்கு அது மேய்ந்து வளரும் கொறங்காட்டைத் தெரியாது. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் மழை குறைந்த பகுதிகளில் இருக்கும் மேய்ச்சல் நிலம் அது. பெரும்பாலும் குடியானவர்களின் சொந்த நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். கால்நடைக்குத் தீனி தருவதோடு காற்றிலுள்ள கார்பனை மண்ணில் இருத்தும் வேலையையும் இந்தக் காடு செய்கிறது.

மழைக்குப் பின் ஒரு கொழுக்கட்டைப் புல் தூரைப் பெயர்த்து உதறிப் பாருங்கள். சல்லிவேரைச் சுற்றியிருக்கும் மண் லேசில் உதிராது. இலை, கரியமில வாயுவை வாங்கிச் சர்க்கரையாக்குகிறது. அதில் ஒரு பங்கு வேர் வழியே மண்ணில் கசிகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெரும்பகுதியை மூச்சாக வெளியே விட்டுவிடும். மீதி அவற்றின் உடலாகிறது. அவை செத்தபின் எஞ்சுவது களிமண் துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டிய கார்பன் பல பத்தாண்டுகள்கூட நிற்கும். உலக மண்ணின் மேல் 1 மீட்டரில் மட்டும் சேர்ந்திருக்கும் கரிமக் கார்பன் ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி டன். காற்றிலும் செடிகொடிகளிலும் உள்ள கார்பனைக் கூட்டினாலும் இவ்வளவு வராது.

கொறங்காட்டில் ஆண்டுதோறும் உழவு கிடையாது. அதுதான் இதன் பெரிய பலம். உழுதால் மண்கட்டி உடைந்து, உள்ளே ஒளிந்திருந்த கார்பன் நுண்ணுயிர்களுக்கு இரையாகிவிடும். அடுத்தது ஓய்வு. ஒரு காட்டில் மேய்த்துவிட்டுப் படலைச் சாத்தி, மாட்டை அடுத்த காட்டுக்கு ஓட்டினால் புல் மறுபடி தழைக்கும். ஓய்வே தராமல் மேய்த்தால் இலை போய், வேர் சுருங்கி, மேல்மண் மழையோடு போய்விடும்.

இதற்காக மாடு மேய்த்தே வெப்பமயமாதலைத் தடுத்துவிடலாம் என்று சொல்வது தவறு. சரளை கலந்த இந்த மண்ணில் களி குறைவு. ஓரளவுக்கு மேல் அது கார்பனைப் பிடிக்காது. மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேனையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனால் இருக்கும் கொறங்காட்டை மனைபோட்டு விற்பதும், சீமைக்கருவேலத்துக்கு விட்டுக்கொடுப்பதும் எனக்குப் பெரும் கவலை. மண்ணிலிருந்து 1 டன் கார்பன் வெளியேறினால் காற்றில் சேரும் கரியமில வாயு சுமார் 3.67 டன்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். வழக்கமாக 30 செ.மீ. ஆழம்வரை மண் எடுத்துச் சோதிப்பார்கள். சலித்த மண்ணில் கிடைத்த அளவை, கல்லைக் கழிக்காமல் மொத்த நிலத்துக்கும் பெருக்கினால், கொறங்காட்டில் உள்ளதைவிடக் கூடுதலாகவே கணக்கு காட்டும்.