ஸ்தல ஸ்தாபனங்கள் சாமான் வாங்கும் முறை: போட்டி டெண்டரும் கூட்டு ஒப்பந்தமும்

கிராமப் பஞ்சாயத்துகளும் முனிசிபாலிடிகளும் ஜனங்கள் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டே தெருவிளக்கு, தண்ணீர்க் குழாய், மேஜை நாற்காலி முதலிய சாமான்களை வாங்குகின்றன. தன் வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவன் தனக்கு இஷ்டமான கடையில் பேரம் பேசி வாங்கிக் கொள்ளலாம். பிறர் பணத்தைச் செலவிடுகிறவனோ, தான் கொடுத்த விலை நியாயமானது என்பதை ஊராருக்கு ருசுப்படுத்தக் கடமைப்பட்டவன். இதற்கென ஏற்பட்ட முறைகளுள் முக்கியமானவை இரண்டு. அவற்றின் குணதோஷங்களை ஐக்கிய சங்க அங்கத்தினர்கள் அறிந்திருப்பது அவசியம். அவர்கள் வரி செலுத்துகிறவர்கள் என்பது மட்டுமல்ல. அவர்களுடைய சங்கங்களும் சாமான் வாங்குகின்றன, விற்கின்றன.

போட்டி டெண்டர்

தமிழ்நாட்டில் இம்முறையை 1998-ம் வருஷத்து டெண்டர் வெளிப்படைச் சட்டமும், அதன் கீழ் 2000-ம் வருஷத்தில் ஏற்பட்ட விதிகளும் ஒழுங்கு செய்கின்றன. ஸ்தல ஸ்தாபனங்களும் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே. வேண்டிய சாமானின் தரமும் அளவும் விளம்பரப்படுத்தப்படுகின்றன. வியாபாரிகள் தத்தம் விலையைக் குறித்துத் தாக்கல் செய்கிறார்கள். குறித்த தினத்தில், டெண்டர் கொடுத்தவர்களின் முன்னிலையில் அவை திறக்கப்படுகின்றன. தகுதியுள்ளவர்களுள் குறைந்த விலை கேட்டவருக்கு ஆர்டர் செல்கிறது. யாவருக்கும் சம சந்தர்ப்பம் கிடைப்பதும், கணக்கு ஜனங்களின் பார்வைக்கு வெளிப்படையாக இருப்பதும் இதன் பெரும் அநுகூலங்கள்.

ஆயினும் குறைகளும் உண்டு. இருபது விளக்குகளுக்காக ஒரு சிறு பஞ்சாயத்து டெண்டர் கோரினால், பெரிய வியாபாரிகள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வருகிற இரண்டு மூன்று பேரும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை குறித்தால், போட்டி என்பது பெயரளவில்தான் நிற்கும். இத்தகைய கூட்டுச் சதியை 2002-ம் வருஷத்துப் போட்டிச் சட்டம் தடுக்கிறது. எனினும் ஒரு கிராமம் தனித்து நின்று அதைக் கண்டுபிடித்து நிரூபிப்பது எளிதன்று.

கூட்டு ஒப்பந்தம்

பல ஸ்தாபனங்களின் தேவையை ஒன்று சேர்த்து, அல்லது பலருக்காக ஒருவர் விலை பேசி முடித்து, அவ்விலைக்கு எல்லோரும் வாங்குவது கூட்டு ஒப்பந்தம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் 1978-ல் தோன்றிய ஒரு ஸ்தாபனம், டெண்டர் கோரி ஒப்பந்தங்களை முடித்து வைக்கிறது. நாட்டின் பல பாகங்களிலுமுள்ள நகரசபைகளும் பள்ளிக்கூடங்களும் தனியே டெண்டர் கோராமல் அவற்றின்படி வாங்குகின்றன.

இந்தியாவில் 1922-ல் ஏற்பட்ட ஸ்டோர்ஸ் இலாகாவின் வழிவந்த சப்ளை டைரக்டரேட், பல காலம் விலை ஒப்பந்தங்களை முடித்து வந்தது. அது 2017-ல் கலைக்கப்பட்டது. அதன் ஸ்தானத்தில், 2016-ல் தொடங்கப்பட்ட ஜெம் என்னும் மின்னணுச் சந்தை நிலைபெற்றது. ஐக்கிய சங்கங்களும் அச்சந்தையில் சாமான் வாங்கலாம் என்று மத்திய மந்திரிசபை 2022 ஜூன் 1-ந் தேதி அநுமதி அளித்தது.

எது லாபம்?

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். கூட்டு ஒப்பந்தத்தில் விளக்கு ஒன்றின் விலை 1,500 ரூபாய். ஒரு பஞ்சாயத்து 20 விளக்குகளைத் தனியே தருவிக்க வண்டிச்சத்தம் 2,000 ரூபாய் ஆனால், விளக்கு ஒன்றுக்கு அடக்கம் 1,600 ரூபாய். உள்ளூர் வியாபாரி ஊரிலேயே கொண்டுவந்து 1,570 ரூபாய்க்குக் கொடுத்தால் அதுவே மலிவு. பத்துப் பஞ்சாயத்துகள் சேர்ந்து 200 விளக்குகளை ஒரே லாரியில் வரவழைத்து, பத்து ஊர்களிலும் இறக்க 6,000 ரூபாய் கொடுத்தாலோ, அடக்கம் 1,530 ரூபாய்தான். பஞ்சாயத்து ஒவ்வொன்றுக்கும் 800 ரூபாய் மிச்சம். ஆகவே லாபம் ஒப்பந்தத்தின் பெயரில் இல்லை. உண்மையாகவே ஒன்று சேர்வதில் இருக்கிறது.

கூட்டு ஒப்பந்தம் டெண்டருக்கு விரோதமானது என்று நினைப்பதும் தவறு. எங்கோ ஒருவர், என்றோ ஒரு நாள் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். பின்னால் சேருகிறவர் அவருடைய ஜாக்கிரதையை நம்பி வாங்குகிறார். அந்த விலை பழையதாகிவிட்டிருக்கலாம். ஒப்பந்தம் நடத்துவோரின் கட்டணம் விலையில் அடங்கியிருக்கலாம். பெரும் அளவில் சப்ளை செய்ய இயலாத நெசவாளர் சங்கமும் தச்சர் சங்கமும் சந்தையிலிருந்து விலக்கப்படலாம். அவ்விதம் விலகிய பின் மிஞ்சும் ஒரே வியாபாரி, அடுத்த முறை தன் இஷ்டப்படி விலை வைப்பான்.

எனவே கூட்டு ஒப்பந்தத்தில் சேரும் தீர்மானம் கூட்டத்துக்கு வரும்போது, அங்கத்தினர்கள் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும். டெண்டர் கோரியவர் யார்? எப்போது? எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? எவ்வளவு சரக்குக்கு அந்த விலை? வண்டிச்சத்தமும் பழுது பார்ப்பதும் அதில் அடங்குமா? பதில்களை மினிட் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். சட்டம் அந்தக் கொள்முதலுக்கு டெண்டரிலிருந்து விலக்கு அளிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பதில் திருப்தியாயின் தாராளமாகச் சேரலாம். இல்லையேல் டெண்டர் கோருவதே உத்தமம். கேள்வி கேட்கும் அங்கத்தினர் இல்லாத இடத்தில் எந்த முறையும் பொதுப் பணத்தைக் காக்காது.