குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

ஏர்கன் வாங்கிய வீட்டில் முதல் வாரம் முழுக்க ஒரே கேள்விதான் ஓடும்: எதைச் சுடுவது? கடைக்காரர் துப்பாக்கியையும் ஒரு டப்பா குண்டையும் கையில் கொடுத்து, “லைசென்ஸ் எல்லாம் வேண்டாம் சார், தாராளமா வெச்சுக்கலாம்” என்று அனுப்பிவிடுகிறார். எதைக் குறி வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதை அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. முதலில் அட்டைப்பெட்டி. அது அலுத்ததும் மதில்மேல் வரிசையாக பாட்டில்கள். பாட்டிலும் தீர்ந்த ஒரு சாயங்காலம், எதிர்வீட்டு மாமரத்துக் காக்கை. ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகிற வழி இந்த வரிசையில்தான் இருக்கிறது.

கடைக்காரர் சொன்னதிலேயே பாதிதான் உண்மை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மி.மீ. (0.177 அங்குலம்) அளவைத் தாண்டாமலும், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாமலும் இருக்கும் ஏர்கன்னுக்குத்தான் உரிமம் தேவையில்லை. இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். பெட்டியில் 0.22 அல்லது 5.5 மி.மீ. என்று அச்சடித்திருந்தால், “இதுவும் ஏர்கன்தானே” என்ற வாதம் எங்கும் எடுபடாது. வாங்கும்போது அளவும் ஆற்றலும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் யாராவது புகார் கொடுத்தால் உங்கள் பக்கம் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.

உரிமம் வேண்டாம் என்பதைப் பலர் ஆபத்து இல்லை என்று புரிந்துகொள்கிறார்கள். சாதாரண ஸ்பிரிங் ஏர்கன்னின் ஈயக் குண்டு அரை கிராம்தான் இருக்கும். அது நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் ஆற்றல் 10 ஜூல். கண்ணைக் குடைந்து உள்ளே போக அதில் ஒரு சிறு பங்கு போதும். குழந்தையின் நெற்றிப்பொட்டு எலும்பு எவ்வளவு மெல்லியது என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறி தவறிய குண்டு பத்தடியில் பொத்தென்று விழுந்துவிடுவதும் இல்லை. சற்றே மேல்நோக்கிச் சுட்டால் நூறு மீட்டருக்கு மேல் பறக்கும். அதாவது அடுத்த தெரு மாடியில் துணி காயப்போடுகிறவர் வரைக்கும்.

துப்பாக்கியைப் பிடிக்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி ‘குறி எது?’ என்பதல்ல, ‘குறிக்குப் பின்னால் என்ன?’ என்பது. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் கடைசியில் நடந்தது நினைவிருக்கலாம். பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த சுடுதளத்திலிருந்து பாய்ந்த குண்டு, தூரத்தில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பட்டது. சில நாள் சிகிச்சைக்குப் பிறகு, ஜனவரி தொடக்கத்தில் அவன் இறந்துபோனான். அது ராணுவ ரகத் துப்பாக்கி. ஏர்கன்னோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் பயிற்சி பெற்றவர்கள், அதற்கென்றே ஒதுக்கிய மைதானத்தில் சுட்டபோதே இப்படி நடந்தது. நம் மொட்டை மாடிக்கு எந்தத் தடுப்புச் சுவர் இருக்கிறது?

நல்ல குறி என்றால் குண்டை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சோதனையில் பாட்டில் முதலிலேயே தோற்றுவிடும். கண்ணாடி உடைந்து சிதறுவதைப் பார்க்க உற்சாகமாக இருக்கும். ஆனால் சில்லு திரும்பி வரும், புல்லுக்குள் கிடக்கும், ஆறு மாதம் கழித்து ஆடு மேய்க்கிறவரின் காலில் ஏறும். பாறை, செங்கல் சுவர், சிமென்ட் தூண் இவற்றில் பட்ட குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வைரம் பாய்ந்த மரமும் அப்படித்தான்; பனை, தென்னையின் உருண்டை மேனியில் விளிம்பில் உரசிய குண்டு திசை மாறிப் போகும். கிணற்றையும் ஏரியையும் பாதுகாப்பான இடம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. தாழ்வான கோணத்தில் போகும் குண்டு, தவளைக்கல் விடுவதுபோலத் தண்ணீரில் பட்டு எழும்பி அக்கரைக்குப் போய்விடும். பனையில் தொங்கும் பதநீர்க் கலயம், மின்கம்பத்துப் பீங்கான், பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடுத்தவர் உடைமை என்பது ஒருபுறம் இருக்க, அண்ணாந்து சுடும் எந்தக் குறிக்கும் பின்னால் ஆகாயம்தான் இருக்கிறது. ஆகாயம் குண்டைப் பிடித்துவைக்காது.

அப்படியானால் எதைத்தான் சுடுவது? என் ஓட்டு காகிதத்துக்கே. அலுப்பாக இருக்கும் என்பவர்கள் ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைபிள் அட்டையை ஒருமுறை பார்க்க வேண்டும். அதில் பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான். பேனா முனை வைத்த புள்ளி மாதிரி. கடலூரில் பிறந்த வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சுட்டுக்கொண்டிருப்பது அந்தப் பொட்டைத்தான். மேலும், காகிதம் பொய் சொல்லாது. பாட்டில் உடைந்தால் எங்கே பட்டது என்று தெரியாது. அட்டையில் ஒவ்வொரு பிழையும் ஓட்டையாகப் பதிந்திருக்கும்.

அட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி வேண்டும். கனமான அட்டைப்பெட்டியிலோ பழைய மரப்பெட்டியிலோ கிழிந்த துணிகளை இடைவெளி இல்லாமல் அமுக்கித் திணியுங்கள். ஒரு முழ ஆழமாவது இருக்கட்டும். அதற்கும் பின்னால் மணல் மூட்டை அடுக்குங்கள், அல்லது ஆளுயர மண்மேட்டின் முன் வையுங்கள். பழகப் பழகப் பெட்டியின் நடுவில் துணி நைந்து ஒரு பொந்து உருவாகும். குண்டுகள் ஒரே இடத்தில் படுவதால்தான். பொந்து ஆழமானால் பின்பலகை அடிவாங்கும். ஆகவே அவ்வப்போது துணியைக் கிளறி மறுபடி திணிக்க வேண்டும். வெறும் பிளைவுட்டை மட்டும் நிறுத்திவைத்துச் சுடுவது, தடுப்பே இல்லாததற்குச் சமம்.

உடைவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் சாக்பீஸ் இருக்கிறது. சின்னது, பொடியாகும், யார் காலையும் கிழிக்காது. காலி அலுமினிய கேனை நூலில் தொங்கவிடலாம். அந்த மண்மேட்டுக்கு முன்னால்தான். நமுத்துப்போன அப்பளத்தையும் பிஸ்கட்டையும் சிலர் வைக்கிறார்கள். அழகாகத்தான் உடையும். வீட்டுப் பெரியவர்கள் திட்டுவார்கள் என்பது இருக்கட்டும், அந்தத் துணுக்குகளைப் பொறுக்க கோழியும் அணிலும் சுடும் பாதைக்கே வந்துவிடும். கூடவே ஈயத் துணுக்கையும் விழுங்கும். எனவே தின்பண்டம் வேண்டாம். இரும்புத் தகட்டுக் குறிகளுக்கு ஈயக் குண்டு மட்டும், அதுவும் பத்து மீட்டருக்குக் குறையாமல். பால்ரஸ் மாதிரியான எஃகு உருண்டைகள் இரும்பில் பட்டால் வந்த வழியே திரும்பும். எதைச் சுட்டாலும், சுடுகிறவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். முடிந்ததும் குண்டுகளைப் பொறுக்கிவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாடு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு.

இனி அந்த மாமரத்துக் காக்கை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டுமல்ல. அதற்கான முயற்சியும் வேட்டைதான். குறி தவறியது, பறவை பறந்துவிட்டது என்பதால் குற்றம் கழிந்துவிடாது. கிளி, கொக்கு உட்பட நம் வயலிலும் வாசலிலும் பார்க்கிற பறவைகளில் பெரும்பாலானவை பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. முன்பு காக்கை, எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றைத் தொல்லை உயிரினங்களாகத் தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. தண்டனை 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் உள்ள மயிலைச் சுட்டால் குறைந்தபட்சமே 3 ஆண்டு. அது 7 ஆண்டு வரை போகலாம். துப்பாக்கியோடு, ஏறிப்போன பைக்கும் பறிமுதலாகலாம். தெருநாயைச் சுடுகிறவர்களுக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு இருக்கிறது: விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ 5 ஆண்டு வரை சிறை.

உயிருள்ள குறியிலிருந்து ஒலிம்பிக் வெளியே வந்து நூறாண்டுக்கு மேல் ஆகிறது. 1900 பாரிஸ் ஒலிம்பிக் சமயத்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. ஏறக்குறைய 300 புறாக்கள் செத்தன. அதற்குப் பிறகு அது ஒலிம்பிக் பக்கம் தலைகாட்டவில்லை. இன்று அந்த இடத்தில் 11 செ.மீ. விட்டமுள்ள தட்டு பறக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டது அந்தத் தட்டைத்தான். நம் வேடந்தாங்கல்காரர்கள் இன்னும் முந்திக்கொண்டவர்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். அருணாசலப் பிரதேசத்தில் 2021-இல் தொடங்கிய இயக்கத்தில் மக்கள் தாங்களாகவே ஏர்கன்களை அரசிடம் ஒப்படைத்தார்கள். பறவைச் சத்தமே குறைந்துபோன காடுகள் அவர்களுடையவை.

பயிரைக் காக்கத்தானே சுடுகிறோம் என்பார்கள் விவசாயிகள். அந்த வேதனை நியாயமானது. அதற்கு வழி ஏர்கன் அல்ல. பயிர்ச்சேதத்துக்கு வனத்துறை இழப்பீடு தருகிறது. சேதமான இடத்தை அன்றே படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். காட்டுப்பன்றி விஷயத்திலும் சுடும் பொறுப்பு வனத்துறையினருடையது, நில உரிமையாளருடையது அல்ல.

சொந்தமாகத் துப்பாக்கி இல்லாதவர்களுக்கும் கடற்கரையிலும் பொருட்காட்சியிலும் பலூன் கடை இருக்கிறது. பலூனைத் துளைத்த குண்டு வேகம் குறையாமல் அப்படியே போகும். காசு கொடுக்கும் முன் தட்டிக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். கனமான பலகையும் மணலும் இருந்தால் சரி. வெறும் படுதா தொங்கி, அதற்கு அந்தப் பக்கம் சுண்டல் விற்கிறவர் உட்கார்ந்திருந்தால் பிள்ளையை வேறு கடைக்கு அழைத்துப் போங்கள். குண்டு போட்ட துப்பாக்கியை ஒரு குழந்தையிடமிருந்து வாங்கி அடுத்த குழந்தையிடம் நீட்டுகிற கடையிலும் நிற்க வேண்டாம்.

கண்ணில் குண்டு பட்டுவிட்டால் கசக்கக்கூடாது, கழுவக்கூடாது, அழுத்திக் கட்டக்கூடாது, எடுக்க முயலவே கூடாது. பேப்பர் கப்பின் அடிப்பாகத்தைக் கண்மேல் படாமல் கவிழ்த்து, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டி, தலையை உயர்த்தி வைத்தபடி கண் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108. அறுவை சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்க வேண்டாம். உள்ளே உலோகம் இருக்கலாம் என்பதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்; தெரியாமல் எம்.ஆர்.ஐ. எடுத்தால் விபரீதம். “கம்பி குத்திவிட்டது” என்று மழுப்புவது சிகிச்சையையும் கெடுக்கும், வழக்கையும் கெடுக்கும். நடந்தது நடந்தபடி ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் ஏறட்டும், அந்த ஏ.ஆர். காப்பிதான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

அஜாக்கிரதையாகச் சுட்டுக் கொடுங்காயம் ஏற்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உயிர் போனால் 106-ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். புகார் பெற்றதற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பி, பிறகு வழக்கே பதியாமல் இழுத்தடித்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு. பலூன் கடையில், பொருட்காட்சியில் காசு கொடுத்து விளையாடியபோது அடிபட்டிருந்தால் நீங்கள் நுகர்வோரும்கூட. நடத்தியவர் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. பத்து ரூபாய் டிக்கெட்டாக இருந்தாலும் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.